காத்திருத்தலும் கடுஞ்சொல்லும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவன் ஒருவன் கணிப்பொறி விளையாட்டைப் பொருளாகக் கொண்டு நம் கல்லூரி மலருக்குக் கட்டுரை வரையப் புகுவது, நேயர்களுட் சிலர்க்கு நகைப்பையும், ஆசிரியப் பெருமக்கட்கு ஒருகால் வருத்தத்தையும் விளைத்தல் கூடும். சங்க நூல்களைப் பற்றியோ சான்றோர் வரலாற்றைப் பற்றியோ எழுதலாகாதோ என அவர்கள் வினவுவார்களாயின் அவ்வினா முறையானதே. ஆயினும், யான் எழுதக் கருதியது விளையாட்டைப் பற்றியதன்று. விளையாட்டு வருமென்று காத்திருந்த மாந்தரைப் பற்றியது. அவருள்ளும் சிறப்பாக, காத்திருக்கத் தெரியாது பிழை செய்த ஒருவனைப் பற்றியது. அவன் யானே.

காத்திருத்தல் என்பது தமிழ் மாணவனுக்குப் புறம்பான பொருளுமன்று. ஐந்திணையுள் முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று நாம் முதலாண்டிலேயே படித்துள்ளோம். கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று கூறிச் சென்ற தலைவனை எதிர்நோக்கித் தலைவி ஆற்றியிருக்கின்றாள். மேகம் எழுகின்றது, கொன்றை பூக்கின்றது, தலைவனோ வந்திலன். அந்நிலையில் தோழியானவள், வந்தது உண்மையான கார்ப்பருவமே அன்றென்று பொய்யேனும் புகன்று அவளைத் தேற்றுகின்றாள். இக்காட்சியை நெஞ்சிற் கொண்டவர்க்கு இனி யான் கூறப்போகும் செய்திகள் பலவும் முன்பே பழகியன போலத் தோன்றும்.

எங்கள் இல்லம் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலையடுத்த சிற்றூர் ஒன்றில் உள்ளது. தந்தையார் உப்பளம் ஒன்றிற் கணக்கு எழுதுபவர். என் அண்ணன் என்னினும் எட்டாண்டு மூத்தவர். அவர் கப்பற் பயிற்சியை முடித்து வேலையை எதிர்நோக்கியிருந்த 2018-ஆம் ஆண்டின் டிசம்பர் விடுமுறையில், பிறர் கழித்த பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்து, தள்ளுபடி விலைக்குக் கிடைத்த விளையாட்டு ஒன்றையும் அதில் ஏற்றினார். ஹாலோ நைட் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்னும் பெயரால் மிகச் சிலரே கூடி அதனை இயற்றினர். ஏரி கிப்சன், வில்லியம் பெல்லன் என்னும் இருவர் அதன் முதல்வர்கள். 2014-ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாகப் பொதுமக்களிடம் 57,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மிகுதியாகத் திரட்டி, அச்சிறு முதலைக் கொண்டு தொடங்கி, 2017 பிப்ரவரி 24-ஆம் நாள் வெளியிட்டனர். அழிந்துபட்டதொரு பூச்சிகளின் நாடு. அதனுட் புகும் சின்னஞ்சிறு வீரன். அவன் கையில் ஆணியே வாள். சித்திரங்கள் யாவும் கையால் வரைந்தவை. போர் செய்வது அண்ணன் பங்கு; சுரங்கங்களின் வழிகளைப் பழைய நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைப்பது என் பங்கு. அந்நோட்டு இன்றும் என்னிடத்து உள்ளது.

2019 பிப்ரவரி 14-ஆம் நாள், அதன் தொடர்ச்சியாகச் சில்க்சாங் என்னும் விளையாட்டு ஆக்கப்பட்டு வருகின்றது என்று அவர்கள் அறிவித்தனர். முதலில் அது தனி விளையாட்டன்று. ஹார்னெட் என்னும் வீராங்கனையைக் கொண்டு முந்தைய விளையாட்டில் ஒரு பகுதியைச் சேர்த்துத் தருவதாகவே பொருளுதவியோர்க்கு வாக்களித்திருந்தனர். அப்பகுதி எழுத எழுத விரிந்து தனி நூலாயிற்று. அன்றிரவு அம்முன்னோட்டத்தை ஏழெட்டு முறை திரும்பத் திரும்பக் கண்டோம். உறங்கப் போகுமுன் அண்ணன், "தம்பி, அது வந்ததும் இருவரும் சேர்ந்தே ஆடுவோம். நீ ஒருவனாகத் தொடங்கிவிடாதே" என்றார். யானும் ஒப்பினேன். அப்பொழுது எனக்கு வயது பதின்மூன்று நிரம்பவில்லை. ஓராண்டுக்குள் வந்துவிடும் என்றே இருவரும் நம்பினோம்.

அவ்வாண்டு அக்டோபரில் அண்ணன் சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் வேலையேற்றுக் கடல் கடந்தார். ஒன்பது மாத உடன்படிக்கை. யானோ சில்க்சாங் எப்போது வரும் என்று நாள்தோறும் தேடலானேன். அத்தேடலின் வழியே, உலகெங்கும் என்னைப்போற் காத்திருப்போர் திரளைக் கண்டேன். அவர்தம் இயல்பினைச் சிறிது கூறுதல் ஈண்டு இன்றியமையாதது.

புதிய விளையாட்டுப் பொறி ஒன்றோ, புதிய விளையாட்டு ஒன்றோ வெளிவருமுன் அதனை ஆக்குவோர் ஒரு நாள் குறித்து நேரலையில் தோன்றி அறிவிப்பர். அந்நாள் விளையாட்டுலகத்தார்க்குத் திருவிழா. மேனாட்டுப் பகற்பொழுதில் நிகழும் அறிவிப்பு நம் நாட்டில் இரவிலோ நள்ளிரவிலோ கிட்டும்; மறுநாட் காலைத் தேர்வையும் மறந்து விழித்திருப்பார் பலர். கண்டபின் எழும் உணர்ச்சி, மகிழ்ச்சியாயின் கூத்தாடுமளவும், சினமாயின் எரித்துவிடுமளவும் செல்லும். இடைப்பட்ட நிலை அரிது.

அச்சினம் எஞ்ஞான்றும் பழிக்கத்தக்கதென்று கூறேன். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2013 மே 21-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் கன்சோல் பொறியை அறிவித்தது. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் இணையத்தொடு தொடர்புகொள்ளல் வேண்டும் என்பதும், ஒருவர் விலை கொடுத்து வாங்கிய தகட்டைப் பிறர்க்குக் கொடுத்தற்கும் விற்றற்கும் கட்டுப்பாடு உண்டு என்பதும் வெளிப்பட்டபொழுது பெருங்கூக்குரல் எழுந்தது. மறுமாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கண்காட்சியில் சோனி நிறுவனம், தனது பிளேஸ்டேஷன் 4 பொறிக்கு அத்தளைகள் இல்லை என்றும், அதன் விலை 399 டாலர் என்றும் கூறிற்று. மற்றையதன் விலை 499. அவையோர் ஆரவாரம் அடங்க நெடுநேரமாயிற்று. விளையாட்டுத் தகட்டை நண்பனுக்குக் கொடுப்பது எங்ஙனம் என்று கற்பிக்கும் படம் ஒன்றையும் சோனி வெளியிட்டது. ஒருவர் தகட்டை நீட்டுகின்றார், மற்றவர் பெற்றுக்கொள்கின்றார், படம் முடிந்தது. ஜூன் 19-ஆம் நாள் மைக்ரோசாப்ட் தன் விதிகளைக் கைவிட்டது. வாங்கியவனுக்கு வாங்கிய பொருள்மேல் உரிமை வேண்டும் என்பது நேர்மையான கோரிக்கை. அதன்பொருட்டு எழுந்த குரலும் பயன் தந்தது.

இதற்கு மாறாக, நகைப்புக்கிடமான சினமும் உண்டு. 2025 ஏப்ரல் 2-இல் நின்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் 2 என்னும் பொறியை விரித்துக் காட்டியபொழுது, விலை 449.99 டாலர் என்பதும், உடன்வரும் மரியோ கார்ட் வேர்ல்டு என்னும் விளையாட்டு 79.99 டாலர் என்பதும் அறியவந்தன. அடுத்து நிகழ்ந்த நேரலைகளில், காண்போர் எழுதும் பகுதி முழுதும் "விலையைக் குறை" என்னும் சொற்களே வெள்ளமாய் ஓடின. விலை குறையவில்லை. ஜூன் 5-ஆம் நாள் பொறி கடைக்கு வந்தது. முதல் நான்கு நாட்களில் 35 லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. ஏப்ரலிற் கூவியவருள் எத்துணைப் பேர் ஜூனில் வரிசையில் நின்றனரோ, அவரவர் நெஞ்சே அறியும்.

நம் நாட்டார் காத்திருத்தலில் இன்னும் ஒரு படி மேற்பட்டவர். பிளேஸ்டேஷன் 5 அமெரிக்கா முதலிய நாடுகளில் 2020 நவம்பரில் வந்துவிட, இந்தியாவிற்கு 2021 பிப்ரவரி 2-ஆம் நாளே வந்தது. ரூ. 49,990 விலையுடைய அப்பொறிக்கு ஜனவரி 12-இல் முன்பதிவு திறந்தபொழுது சில நிமிடங்களிலேயே யாவும் தீர்ந்தன. மூன்று மாதம் காத்திருந்தவர், மூன்று நிமிடம் பிந்தியமையால் மீண்டும் காத்திருக்கப் பெற்றனர். எங்கள் இல்லத்துக்கு அவ்விலை எட்டாக் கனியாதலின் அத்துன்பம் எமக்கு நேர்ந்திலது.

இனித் தொடர்ச்சிகளுக்காகக் காத்திருந்தோர் கதை. டியூக் நியூகெம் ஃபாரெவர் என்னும் விளையாட்டு 1997-இல் அறிவிக்கப்பட்டது. புதிய நுட்பம் தோன்றுந்தோறும் பழையதைக் களைந்து மீளக் கட்டியமையால் அது முடிவுபெறவே இல்லை. 2009-இல் ஆக்கியோர் குழு கலைந்தது. வேறொரு நிறுவனம் எடுத்து முடித்து 2011 ஜூனில் வெளியிட்டது. பதினான்கு ஆண்டு காத்திருந்தோர் கையிற் பெற்றது பழைய காலத்துப் பண்டம் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஷென்மு என்னும் கதையின் இரண்டாம் பாகம் 2001-இல் வந்து பாதியில் நின்றது. மூன்றாம் பாகத்தின் அறிவிப்பு 2015 ஜூனில் எழுந்தபொழுது, நரைதொடங்கிய ஆடவர் சிலரும் குழவிகள் போற் கண்ணீர் விட்டனர். விளையாட்டு வந்ததோ 2019 நவம்பரில். ஹாஃப் லைஃப் என்னும் கதையின் இரண்டாம் பாகத்து அத்தியாயம் ஒன்று 2007 அக்டோபரில், தந்தையொருவர் மகள் கண்ணெதிரே மாள்வதோடு முடிந்தது. அடுத்த அத்தியாயம் விரைவில் வரும் என்றனர், வந்திலது. கதையெழுதிய மார்க் லெய்ட்லா என்பார், நிறுவனத்தை விட்டு விலகியபின், 2017-இல் பெயர்களை மாற்றி அக்கதையின் முடிவினைச் சுருக்கமாகத் தம் இணையப் பக்கத்தில் வெளியிட்டார். முற்றுப்பெறாக் காப்பியத்தின் எஞ்சிய பகுதி உரைநடைச் சுருக்கமாகக் கிடைத்தாற் போன்றது அது.

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்னும் வரிசையில் ஐந்தாம் விளையாட்டு 2013 செப்டம்பரில் வந்தது. ஆறாவதன் முன்னோட்டம் 2023 டிசம்பரில்தான் தோன்றிற்று. 2025 இறுதிக்குள் என்றனர். பின்னர் 2026 மே என்றனர். 2025 நவம்பரில், 2026 நவம்பர் 19 என்று மாற்றினர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒவ்வொரு ஒப்பாரி எழுந்தது.

பொறுமையின்றி விரைந்ததன் பயனும் உலகறிந்ததே. போலந்து நாட்டில் ஆக்கப்பட்ட சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டு 2012-இல் அறிவிக்கப்பட்டு, நாள் பலமுறை தள்ளி வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் மற்றுமொரு முறை தள்ளியபொழுது, கொன்றுவிடுவோம் என்று ஆக்கியோர்க்குச் சிலர் எழுதினர். டிசம்பர் 10-இல் அது வெளிவந்தது. பழைய பொறிகளில் ஆடவொண்ணாத அளவு பிழை மலிந்திருந்தமையால், ஒரு வாரத்துள் சோனி தன் கடையினின்றும் அதனை நீக்கிற்று. இன்னும் காலம் வேண்டும் என்றவரைக் கொல்வோம் என்றவரே, காலம் போதாமையால் வந்த குறைகளையும் வைதிருப்பர் என்பதில் ஐயமில்லை.

இவற்றை எல்லாம் நடுநின்று ஆராய்வான் போல் எழுதுகின்றேன். நேயர்காள், அங்ஙனம் நடுநிற்கும் உரிமை எனக்கில்லை. இனி அதனைக் கூறுகின்றேன்.

சில்க்சாங்குக்காகக் காத்திருந்தோர் தம்மைத் தாமே கோமாளிகள் என்று அழைத்துக்கொண்டனர். எந்த நேரலை வருவதாயினும், இதிலேனும் செய்தி இருக்கும் என்று நம்பிக் கோமாளி வேடம் புனைந்த படங்களை வெளியிடுவர், செய்தி இராது, மறுமுறையும் அவ்வாறே. இன்று செய்தியில்லை என்பதனையே நாள்தோறும் செய்தியாக வெளியிட்டு ஆண்டுகள் கழித்தவரும் உளர். 2025 ஜனவரியில் ஆக்கியோருள் ஒருவர் தம் படத்தை நீக்கி அவ்விடத்து அப்பம் ஒன்றின் படத்தை வைக்க, அதனுள் மறைந்த நாளும் கிழமையும் யாவை என்று ஆராய்ச்சி எழுந்தது. அப்படி ஒன்றுமில்லை, விளையாட்டு உண்மையாகவே வந்துகொண்டிருக்கின்றது என்று அவர்கள் சார்பிற் பேசுவோர் தெளிவுபடுத்த நேர்ந்தது. உள்ளுறையும் இறைச்சியும் காண்பதில் நம் உரையாசிரியர்கள்கூட இவர்க்குப் பிற்பட்டவரே.

இவை தீங்கற்ற வேடிக்கை. யான் செய்தது வேறு. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நேரலையொன்றில் சில்க்சாங் காட்டப்பட்டு, அங்குக் காட்டியவை யாவும் பன்னிரண்டு மாதத்துள் ஆடக் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. யான் நாட்காட்டியில் நாள்களை அடித்துக்கொண்டே வந்தேன். 2023 மே மாதத்தில், இவ்வாண்டின் முற்பகுதியில் வெளியிட எண்ணியிருந்தோம், ஆயினும் விளையாட்டு விரிந்துவிட்டது, இன்னும் காலம் வேண்டும் என்று குழுவின் சார்பாக ஒருவர் அறிவித்தார். அப்பொழுது எனக்குப் பதினாறு வயது. பொய்ப் பெயர் ஒன்றைப் புனைந்துகொண்டு அவ்வறிவிப்பின் கீழ் ஆங்கிலத்தில் எழுதினேன். யான் எழுதிய சொற்களை இம்மலரில் எழுதலாகாது. திருடர் என்பது அவற்றுள் மென்மையான சொல். எழுதியவரின் தாயையும் விட்டேனில்லை. எழுதி முடித்தபின் வீரச்செயல் புரிந்தவன் போல் நெஞ்சு நிமிர்ந்தேன். பிறர் பலர் அதனை விரும்பிக் குறியிட்டனர் என்பது இன்றளவும் எனக்கு நாணந் தருவது.

சில நாள் கழித்து அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்தினின்றும் பேசியபொழுது, இச்செயலைப் பெருமையாகக் கூறி, எழுதியதனைப் படித்தும் காட்டினேன். நகைப்பார் என்றெண்ணினேன். நெடுநேரம் ஒன்றும் பேசினாரில்லை. தொடர்பு அறுந்ததோ என ஐயுற்று, "அண்ணே" என்று அழைத்தேன். அதன்பின் அவர் கூறியது இது.

2020 ஜூலையில் அவர் உடன்படிக்கை முடிந்தது. பெருந்தொற்றின் காரணமாக எந்தத் துறைமுகமும் மாலுமிகளைக் கரையிறங்க விட்டிலது. அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 4,00,000 கடற்றொழிலாளர், காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாது கப்பல்களிற் கிடந்தனர் என்பது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கணக்கு. அவருள் என் அண்ணனும் ஒருவர். கிழமைதோறும் கப்பல் தலைவர் அனைவரையும் கூட்டி, இத்துறைமுகத்திலும் இசைவு கிட்டவில்லை, அடுத்ததிற் பார்ப்போம் என்று கூறுவாராம். முதலில் யாவரும் வாய்மூடிக் கேட்டனர். பின்னர்ச் சிலர் முணுமுணுத்தனர். ஒருநாள் அண்ணனே எழுந்து நின்று, அத்தலைவரைத் தகாத சொல்லால் வைதுவிட்டார். தலைவர் மறுமொழி கூறாது தலைகவிழ்ந்து சென்றார். அவரும் பதினான்கு மாதமாக வீடு காணாதவர் என்பதும், அவருடைய தாயார் அக்கிழமையிலேதான் காலமானார் என்பதும் மறுநாள் சமையற்காரர் வாயிலாகத் தெரியவந்தன.

"செய்தி சொல்ல வந்தவரை வைதால் கப்பல் கரைக்கு வருமா, தம்பி?" என்றார் அண்ணன். "அன்று நான் அவர் அறைக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் எனக்கு எதிரே இருந்தது. நீ வைதவரின் முகத்தை எங்கே போய்த் தேடுவாய்?"

யான் விடை கூற அறியேன். அன்றிரவே யான் எழுதியதை அழித்தேன். அவர்க்குத் தனியே மன்னிப்பு வேண்டி எழுதவும் முயன்றேன், எழுத எழுத அது என்னைப் பற்றிய கதையாகவே ஆயிற்று, ஆதலின் அனுப்பினேனில்லை. அழித்தால் என்ன? படித்தவர் படித்தேயிருப்பர்.

அண்ணன் கூறாத ஒன்று அவ்வமயம் எனக்கு நினைவிற்கு வந்தது. 2020-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னர், வழக்கம்போல் எங்கள் வீட்டு வாயிலில் நட்சத்திர விளக்கைத் தொங்கவிட்டோம். அண்ணன் வரவில்லை. புத்தாண்டு பிறந்தது, அண்டை வீட்டார் தத்தம் விளக்குகளை இறக்கினர். யான் இறக்கப் போனபொழுது அம்மா, "இருக்கட்டும், அவன் வந்து இறக்குவான்" என்றார். ஜனவரி இறுதியில், பதினைந்து மாதங் கழித்து அண்ணன் வந்து அதனை இறக்கினார். அந்நாள்வரை அம்மா ஒருவரையும் வைதிலர். எவர் வீட்டுக் கதவையும் சென்று தட்டிலர். மாலைதோறும் விளக்கை ஏற்றிவந்தார். அதே மாதங்களில், அதே கூரையின் கீழ், யான் ஒரு விளையாட்டின் நாளறியாமையால் உலகமே எனக்கு அநீதி இழைத்தது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இருவரும் காத்திருந்தோம். என் காத்திருப்புக்குப் பேர் இருத்தல் அன்று.

இதனால், விளையாட்டுக்காகக் காத்திருப்பது இழிவென்று கூறுகின்றேனல்லேன். அழகியதொன்றை விரும்பி எதிர்நோக்குதல் மனிதர்க்கு இயல்பு. அண்ணனோடு அமர்ந்து வரைந்த அவ்வழிகளை எண்ணி மற்றொருமுறை அவ்வின்பம் வாராதோ என ஏங்கியது பிழையன்று. ஏக்கம் கடனாக மாறியதே பிழை. ஒருவர் எனக்குக் காட்டிய முன்னோட்டத்தை, அவர் எனக்கு எழுதித் தந்த கடன்சீட்டாகக் கருதிவிட்டேன். யான் அவர்க்கு ஒரு காசும் முன்கொடுத்திலேன். முந்தைய விளையாட்டுக்குத் தந்த விலைக்கு மிகுதியாகவே பெற்றிருந்தேன். விலை மிகுதி, உரிமைக் குறைவு என்பன பற்றிக் குரலெழுப்பலாம். அவை வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையிலான வழக்கு. பிறர் கைவேலை முற்றும் காலமோ அவர்தம் கைக்கும் கண்ணுக்கும் உட்பட்டது. நெற்கதிரை வைதால் பால் கட்டுமோ?

2025 ஆகஸ்டு 21-ஆம் நாள், இரண்டே கிழமையில் சில்க்சாங் வருகின்றது என்று அறிவித்தனர். அன்றே அவர்கள் புளூம்பெர்க் செய்தியாளர்க்கு அளித்த பேட்டியும் வெளியாயிற்று. இத்துணையாண்டும் தடுமாற்றமோ இடரோ ஒன்றுமில்லை; வேலை இன்பமாயிருந்தமையால் மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போயினோம் என்பது அதன் கருத்து. யான் திருடர் என்று வைத நாளில், அவர்கள் மகிழ்ச்சியொடு ஏதேனும் ஒரு பூச்சிக்குச் சிறகு வரைந்துகொண்டிருந்திருப்பர். இச்செய்தி என்னை நாணச் செய்ததினும் மிகுதியாக ஆறுதல் தந்தது. என் கடுஞ்சொல் அவர்கள் கையைத் தடுத்திலது.

செப்டம்பர் 4-ஆம் நாள் அது வெளிவந்தது. ஸ்டீம் முதலிய இணையக் கடைகள் வாங்குவோர் நெருக்கத்தால் செயலற்று நின்றன. அன்றே ஸ்டீமில் ஒரே வேளையில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடினர். விடுதியில் என் அறைத்தோழன் விடியும்வரை ஆடினான். என்னையும் அழைத்தான். ஆறரை ஆண்டு காத்திருந்தவன் இன்று ஆடாதிருப்பது என்ன பித்து என்று வினவினான். அண்ணன் அப்பொழுது கடலில் இருந்தார். அவரும் செய்தியனுப்பி, தமக்காக நிற்க வேண்டா, தொடங்கிவிடு என்றார். யான் தொடங்கினேனில்லை. இதனைத் தவமென்று நேயர்கள் எண்ணற்க. இரண்டு முறை வாங்கும் பக்கம் வரை சென்று மீண்டேன். அறைத்தோழன் ஆடும்பொழுது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நன்னூல் படித்தேன். அப்பருவத்து இலக்கணத் தாளில் யான் பெற்ற மதிப்பெண் என் ஆசிரியர்க்கே வியப்பளித்தது. காரணம் இப்பொழுது அவர்க்கு விளங்கும்.

டிசம்பர் 20-ஆம் நாள் அண்ணன் வந்தார். விழா முடிந்த மறுநாள் அப்பழைய கணிப்பொறியின் முன் இருவரும் அமர்ந்தோம். அவருடைய கைகள் எஞ்சினோடு பழகிக் கடினப்பட்டிருந்தன; முதற் பெரும்பகைவனிடமே பலமுறை வீழ்ந்தார். "நீ ஆடு, நான் வழி வரைகிறேன்" என்று சொல்லி என் பழைய நோட்டை எடுத்துக்கொண்டார். அம்மா காப்பி கொண்டுவந்து சிறிது நேரம் நின்று பார்த்து, "இந்தப் பூச்சிக்கா ஆறரை வருஷம்?" என்றார். மூவரும் நகைத்தோம்.

அண்ணனின் விடுப்புக்குள் விளையாட்டு முடிந்திலது. இவ்வாண்டு பிப்ரவரியில் அவர் மீண்டும் கப்பலேறினார். பாதி வழியில், ஓர் இளைப்பாறும் இருக்கையில் ஹார்னெட்டை அமர்த்திக் கணிப்பொறியை அணைத்து வைத்துள்ளேன். நோட்டில் அண்ணன் வரைந்த கடைசிக் கோடு ஒரு கதவின் முன் நிற்கின்றது. அவர் வருவதாகச் சொன்ன மாதம் நவம்பர். அது டிசம்பராகவும் ஆகலாம். எப்போது வந்தாலும் அக்கதவை இருவரும் சேர்ந்தே திறப்போம்.